மட்டையை வீசிய சிறுவன் மகுடம் சூடிய கதை



கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும், சிலம்பம்கூடத் தெரியும். கோல்ஃப் விளையாட்டு தெரியுமா உங்களுக்கு?

டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பசேலென்று புல்தரை. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பந்து. அதை நீண்ட மட்டையால் அடித்து, வெகு தூரத்தில் இருக்கும் நாலேகால் அங்குல அகலக் குழிக்குள் விழ வைக்க வேண்டும். இப்படி 18 குழிகள். யார் குறைவான அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிக்கிறாரோ அவரே வெற்றியாளர். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால், வழியில் மரங்கள் இருக்கும், குளம் இருக்கும், மணல் பள்ளங்கள் இருக்கும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைப் போலப் பல மடங்கு பெரிய இடம் வேண்டும். ஒரு சுற்று ஆடி முடிக்க, நெல்லை ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு நடந்து போய்த் திரும்பி வருவது போல நடக்க வேண்டும்!

இந்த ஆட்டத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. ஒவ்வோர் அடிக்கும் நடுவர் உங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். எத்தனை அடி அடித்தோம், விதியை மீறினோமா என்பதை முதலில் நீங்களேதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்த ஆட்டத்தில் உலகமே வியந்து பார்த்த ஒருவரின் கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள். அவர் பெயர் பாபி ஜோன்ஸ்.

நோஞ்சான் குழந்தை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா என்று ஒரு நகரம். அங்கே 1902-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று பாபி பிறந்தான். நம் எட்டயபுரத்துப் பாரதியார் அப்போது இருபது வயதுகூட நிறையாத இளைஞர். காலத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

பாபியின் அப்பா ஒரு வழக்கறிஞர். பாபிக்கு முன் பிறந்த ஆண் குழந்தை ஒன்று சில மாதங்களிலேயே இறந்துவிட்டது. அதனால் பெற்றோர் பாபியைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். அவனும் நோஞ்சானாகவே இருந்தான். ஐந்து வயது வரை கெட்டியான உணவு எதுவும் அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய தலை, குச்சி போன்ற கை, கால்கள். இந்தப் பிள்ளை தேறுமா என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள்.

நல்ல காற்று கிடைக்கட்டும் என்று, 1907-ஆம் ஆண்டு கோடைக் காலத்தில் குடும்பம் நகரத்துக்கு வெளியே ஈஸ்ட் லேக் என்ற இடத்துக்கு வந்து தங்கியது. அங்கே ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. பெரியவர் ஒருவர், தன் பழைய மட்டையின் கைப்பிடியை நறுக்கிக் குட்டையாக்கி, சிறுவன் பாபியிடம் கொடுத்தார். அவனுக்குக் கிடைத்த முதல் மட்டை அதுதான்.

பார்த்தே பழகினான்

அந்த மைதானத்தில் ஸ்டூவர்ட் மெய்டன் என்ற பயிற்சியாளர் இருந்தார். ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து வந்தவர். அதிகம் பேசவே மாட்டார். அவர் ஆடப் போனால், அவர் பின்னாலேயே ஆறு வயது பாபியும் போவான். எதுவும் கேட்க மாட்டான். தொந்தரவு செய்ய மாட்டான். நிற்பதை, மட்டையைப் பிடிப்பதை, தோளைத் திருப்புவதை, பந்தை அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு வீட்டுக்கு ஓடி வந்து, தொப்பி நிறையப் பழைய பந்துகளை எடுத்துக்கொண்டு, அப்படியே அடித்துப் பார்ப்பான்.

பாபிக்கு அப்போது யாரும் முறையாகப் பாடம் நடத்தவில்லை. கண் பார்த்ததைக் கை செய்தது! நாகஸ்வர வித்வான் வீட்டுப் பிள்ளை, கேட்டுக் கேட்டே ஊதப் பழகுவதில்லையா? அதுபோலத்தான். சில ஆண்டுகளில், தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு அடிப்பது மெய்டனா, பாபியா என்ற சந்தேகமே வந்துவிடும். வந்த விருந்தினர்கள் ஒவ்வொருவரும் எப்படி ஆடுவார்கள் என்று நடித்துக் காட்டி, எல்லோரையும் சிரிக்க வைப்பதிலும் அவன் கெட்டிக்காரன்.

கோப்பை யாருக்கு?

1908-ஆம் ஆண்டு. நம் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரனார் கைது செய்யப்பட்டு, ஊரே கொந்தளித்த ஆண்டு அது. அதே ஆண்டில் ஈஸ்ட் லேக்கில் நான்கு குழந்தைகளுக்கு ஒரு சின்னப் போட்டி நடந்தது. ஆறு குழிகள்தான் ஆட்டம். பாபி, அவன் நண்பன் பெர்ரி அடேர், அலெக்ஸா ஸ்டெர்லிங் என்ற சிறுமி, இன்னொரு பையன். முடிவில், மூன்று அங்குல உயரமே இருந்த வெள்ளிக் கோப்பை ஆறு வயது பாபியின் கைக்கு வந்தது. அன்று இரவு அதை அணைத்துக்கொண்டே தூங்கினான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உண்மையில் நன்றாக ஆடி வென்றது அலெக்ஸாதான் என்பது பாபியின் எண்ணம். பெரியவரான பிறகு அதை அவரே ஒளிக்காமல் எழுதினார். அது வெறும் தன்னடக்கம் அல்ல. அந்த அலெக்ஸா பிற்காலத்தில் 1916, 1919, 1920 என மூன்று முறை அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் சாம்பியன் ஆனார்!

அமெச்சூர் என்றால் என்ன? பரிசுப் பணத்துக்காக ஆடாமல், ஆசைக்காக மட்டும் ஆடுபவர். படிப்போ வேலையோ ஒரு பக்கம் இருக்கும்; ஆட்டம் மறுபக்கம். நம் ஊர்களில் திருவிழாவின்போது கபடி ஆடும் அண்ணன்களைப் போல. பாபி கடைசி வரை அமெச்சூராகவே போட்டிகளில் ஆடினார். வசதியான குடும்பம் என்பதால் அவரால் அது முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினான்கு வயதில் தேசியப் போட்டி!

ஒன்பதாவது வயதில், தன்னைவிட மூத்த பையன்களை வென்று ஈஸ்ட் லேக் ஜூனியர் சாம்பியன் ஆனான் பாபி. 1916-ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், ஜார்ஜியா மாநில அமெச்சூர் போட்டியில் பெரியவர்களோடு மோதினான். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது யார் தெரியுமா? சின்ன வயதுத் தோழன் பெர்ரி அடேர்! கடுமையான போட்டியில் பாபியே வென்றான்.

அந்த வெற்றியால் அவனைத் தேசிய அமெச்சூர் போட்டிக்கு அனுப்பினார்கள். அட்லாண்டாவிலிருந்து வெகு தூரத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகில் உள்ள மெரியன் மைதானம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அண்ணனை நினைத்துப் பாருங்கள். அந்த வயதுப் பையன், ஏற்கெனவே சாம்பியன் பட்டம் வென்ற பெரியவர்களுடன் ஆடப் போகிறான்!

முதல் ஆட்டத்தில், 1906-ஆம் ஆண்டின் சாம்பியன் ஈபன் பையர்ஸைத் தோற்கடித்தான். அடுத்த ஆட்டத்திலும் வெற்றி. மூன்றாவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் ராபர்ட் கார்ட்னரிடம் தோற்றான். தோற்றாலும் பத்திரிகைகள் எல்லாம் இந்தச் சிறுவனைப் பற்றியே எழுதின. அடுத்த ஆண்டே இவன் சாம்பியன் ஆகிவிடுவான் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆனால், நடந்தது வேறு.

பாபியின் பெரிய எதிரி

பாபிக்கு ஓர் எதிரி இருந்தான். அந்த எதிரி வெளியில் இல்லை. அவன் பெயர் கோபம்!

அடித்த பந்து கொஞ்சம் விலகிப் போனால் போதும், பாபியின் முகம் சிவந்துவிடும். மட்டையைத் தரையில் அடிப்பான். தூக்கி வீசுவான். பையர்ஸுடன் ஆடிய ஆட்டத்தில் இரண்டு பேருமே மட்டைகளை வீசி, பார்த்தவர்களைத் திகைக்க வைத்தார்கள். அவன் கோபப்பட்டது மற்றவர்கள் மீது அல்ல, தன் மீதுதான். தான் அடிக்கும் ஒவ்வோர் அடியும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்.

1921-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் கலந்துகொண்டார். (வளர்ந்துவிட்டார் அல்லவா? இனி ‘அவர்’ என்றே சொல்வோம்.) கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு அந்த மைதானம் கோயில் மாதிரி. மூன்றாவது சுற்றில் எதுவுமே சரியாக அமையவில்லை. பதினோராவது குழிக்கு அருகே இருந்த மணல் பள்ளத்தில் பந்து சிக்கிக்கொண்டது. பொறுமை இழந்த பாபி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகிவிட்டார். பாதியில் விட்டுவிட்டு வந்த அந்தச் செயலை நினைத்து, வாழ்நாள் முழுவதும் அவர் வெட்கப்பட்டார்.

அதே ஆண்டு அமெரிக்க அமெச்சூர் போட்டியில் இன்னும் மோசமான ஒன்று நடந்தது. கோபத்தில் அவர் வீசிய மட்டை துள்ளிப் போய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் காலில் பட்டுவிட்டது! கோபத்தை அடக்காவிட்டால் இனி எங்கள் போட்டிகளில் ஆட முடியாது என்று அமெரிக்க கோல்ஃப் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

திறமை இருந்து என்ன பயன்? 1916 முதல் 1922 வரை ஏழு ஆண்டுகள். ஏறக்குறைய பத்துப் பெரிய போட்டிகள். ஒன்றில்கூட அவருக்குக் கோப்பை கிடைக்கவில்லை!

திரும்பிய வழி

அகத்தியர் அருவியில் நம் தாமிரபரணி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேகத்தில் பக்கத்தில் நின்று பயிர் செய்ய முடியுமா? அணைக்கட்டுகளில் நின்று, கால்வாய்களில் பிரிந்து போன பிறகுதான், அதே தண்ணீர் வயலில் நெல்லாகவும் வாழையாகவும் மாறுகிறது. பாபிக்கும் அப்படி ஓர் அணைக்கட்டு தேவைப்பட்டது. அதை அவரேதான் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கோபம் அவரைவிட்டு ஒரே நாளில் போய்விடவில்லை. உள்ளே கொதித்தாலும் வெளியே காட்டாமல் இருக்கப் பழகினார். எதிராளியைப் பார்த்து ஆடுவதை விட்டார். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகள் என்று மைதானத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கோடு மட்டும் போட்டி போட்டார். மோசமாக ஒரு பந்து போய்விட்டால், அதை மறந்துவிட்டு அடுத்ததை யோசித்தார்.

இத்தனைக்கும் நடுவில் படிப்பையும் விடவில்லை. 1922-ல் ஜார்ஜியா டெக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டம். 1924-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம். பிறகு எமரி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அப்பாவைப் போலவே வழக்கறிஞரானார். ஆண்டில் சில மாதங்கள்தான் ஆட்டம். மற்ற நாட்களில் புத்தகம், அலுவலகம், குடும்பம்.

1923-ஆம் ஆண்டு, நியூயார்க் அருகே இன்வுட் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டி. இதில் தொழில்முறை ஆட்டக்காரர்களும் உண்டு. பாபியும் பாபி குருக்‌ஷாங்க் என்பவரும் சமமாக முடித்தார்கள். யார் வெற்றியாளர் என்று முடிவு செய்ய, இன்னொரு நாள் 18 குழிகள் ஆட வேண்டும். பதினேழு குழிகள் முடிந்தன. இன்னும் இருவரும் சமம்! கடைசிக் குழி. பாபியின் பந்து புல் சரியாக முளைக்காத கரடுமுரடான தரையில் கிடக்கிறது. குழிக்கு முன்னால் தண்ணீர். இன்னும் ஏறக்குறைய 170 மீட்டர் தூரம். கொஞ்சம் தவறினாலும் பந்து தண்ணீருக்குள்!

பழைய பாபியாக இருந்தால் பதறியிருப்பார். இப்போது பதறவில்லை. தயங்கவும் இல்லை. மட்டையை எடுத்தார், அடித்தார். பந்து தண்ணீரைத் தாண்டிப் பறந்து, குழிக்கு ஆறடி தூரத்தில் போய் நின்றது. ஏழு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. 21 வயதில் பாபி ஜோன்ஸ் சாம்பியன்!

புல்லில் அசைந்த பந்து

இப்போது, முதலில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1925-ஆம் ஆண்டு, வூஸ்டர் என்ற ஊரில் அமெரிக்க ஓப்பன். முதல் சுற்றில் பதினோராவது குழி. பாபியின் பந்து உயரமான புல்லுக்குள் கிடந்தது. அடிப்பதற்காக மட்டையை அருகில் கொண்டு போனபோது, பந்து துளி அசைந்துவிட்டது. அப்படி அசைந்தால் ஓர் அடி தண்டனை.

யாரும் பார்க்கவில்லை. கூட ஆடியவர் பார்க்கவில்லை. அதிகாரிகள் பார்க்கவில்லை. கூட்டத்தில் விசாரித்தார்கள்; ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால், பாபி பார்த்தாரே! பந்து அசைந்தது என்று அவரே போய்ச் சொன்னார். முடிவை அவரிடமே விட்டார்கள். தன் கணக்கில் ஓர் அடியைத் தானே சேர்த்துக்கொண்டார்.

பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? நான்கு சுற்றுகள் முடிந்தபோது பாபியும் வில்லி மேக்ஃபர்லேனும் சமம்! அந்த ஓர் அடியைச் சேர்க்காமல் இருந்திருந்தால், அங்கேயே பாபி சாம்பியன் ஆகியிருப்பார். சேர்த்ததால் மறுபடி ஆட வேண்டி வந்தது. 18 குழிகள் ஆடினார்கள், மறுபடியும் சமம். இன்னொரு 18 குழிகள். கடைசியில் ஒரே ஓர் அடியில் பாபி தோற்றார்.

நீங்களாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பீர்கள் அல்லவா? அவரும் தோல்விக்காக வருந்தியிருப்பார். ஆனால், உண்மை சொன்னதற்காக யாராவது பாராட்ட வந்தால், அவருக்குப் பிடிக்காது. திருடாமல் இருப்பவனை யாராவது மாலை போட்டுப் பாராட்டுவார்களா, அது சாதாரணக் கடமைதானே என்பது அவர் எண்ணம்.

ஒரே ஆண்டில் நான்கு

அதற்குப் பிறகு வெற்றி மேல் வெற்றி. 1926-ல் பிரிட்டிஷ் ஓப்பன், அமெரிக்க ஓப்பன் இரண்டையும் வென்றார். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் மனிதர் அவர்தான். நியூயார்க் நகரமே காகிதத் துணுக்குகளை மழையாகத் தூவி வரவேற்றது.

1927-ல் மறுபடி செயின்ட் ஆண்ட்ரூஸ்! ஆறு ஆண்டுகளுக்கு முன் பாதியில் விட்டுவிட்டுப் போன அதே மைதானம். இந்த முறை ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. கோப்பையை அமெரிக்காவுக்கு எடுத்துப் போகாமல், அந்த ஊர் கிளப்பிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தார்.

1930-ஆம் ஆண்டுதான் சிகரம். பிரிட்டிஷ் அமெச்சூர், பிரிட்டிஷ் ஓப்பன், அமெரிக்க ஓப்பன், அமெரிக்க அமெச்சூர். அந்தக் காலத்தில் கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகள் இவைதான். மே முதல் செப்டம்பர் வரை, நான்கையும் ஒரே ஆண்டில் பாபி வென்றார்! அவருக்கு முன்பும் யாரும் செய்ததில்லை. பின்பும் யாரும் செய்ததில்லை. நான்காவது போட்டி எங்கே நடந்தது தெரியுமா? பதினான்கு வயதில் மட்டையை வீசிய அதே மெரியன் மைதானத்தில்!

மொத்தம் 13 பெரிய பட்டங்கள். அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு நவம்பரில், போதும் என்று போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். போட்டி நாட்களில் மனப் பதற்றத்தால் சரியாகச் சாப்பிடக்கூட முடியாமல், பல பவுண்டு எடை குறைந்துவிடுவாராம். வெளியே அமைதியாகத் தெரிந்தவர் உள்ளே எவ்வளவு போராடியிருக்கிறார், பாருங்கள்!

நோய் வந்த பிறகும்

ஓய்வுக்குப் பிறகு, அலிஸ்டர் மெக்கென்ஸி என்ற வல்லுநருடன் சேர்ந்து, அகஸ்டா நகரில் ஒரு கோல்ஃப் மைதானத்தை அமைத்தார். 1934-ல் அங்கே தொடங்கிய போட்டிதான், இன்று உலகப் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டி.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்து கோல்ஃப் கிளப்புகளின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. அகஸ்டா கிளப்பில் ஒரு கறுப்பினத்தவர் முதன்முதலாக உறுப்பினரானது 1990-ல்தான். பெண்கள் உறுப்பினரானது 2012-ல். 2019 முதல் பெண்களுக்கான அமெச்சூர் போட்டியும் அந்த மைதானத்தில் நடக்கிறது. சிறுமி அலெக்ஸாவை நினைத்துக்கொள்ளுங்கள். திறமை யாரிடமும் இருக்கலாம். கதவு திறக்கத்தான் காலம் ஆகிறது.

1948-ஆம் ஆண்டு, பாபியைக் கொடிய நோய் பிடித்தது. முதுகுத்தண்டைத் தாக்கும் சிரிங்கோமைலியா என்ற அரிய நோய். கையும் காலும் மரத்துப் போயின. முதலில் ஊன்றுகோல், பிறகு சக்கர நாற்காலி. அவ்வளவு அழகாக மட்டையைச் சுழற்றிய கைகளால் பேனாவைப் பிடிப்பதே கஷ்டமானது. சின்ன வயதில் ஒரு பந்து விலகிப் போனதற்கே கொதித்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேதனையைப் புலம்பாமல் தாங்கிக்கொண்டார்.

1958-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரைக் கௌரவக் குடிமகன் ஆக்கியது. அமெரிக்கர்களில் அவருக்கு முன் அந்தப் பெருமை பெற்றவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மட்டுமே. அது நடந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன! தட்டுத் தடுமாறி எழுந்து நின்று பாபி பேசியபோது, அரங்கத்தில் பலருடைய கண்கள் கலங்கின. 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று, 69-வது வயதில் அவர் மறைந்தார்.

இன்று செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானத்தில் பத்தாவது குழிக்கு அவர் பெயர்தான். அடுத்த குழிதான் அவர் கோபத்தில் பந்தைக் கையில் எடுத்த பதினோராவது குழி! அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1955 முதல் அவர் பெயரில் ஒரு விருதும் வழங்குகிறது. அது அதிகக் கோப்பை வென்றவர்களுக்கான விருது அல்ல. பெருந்தன்மையோடும் நேர்மையோடும் விளையாடுபவர்களுக்கான விருது.

குட்டி நண்பர்களே! உங்களில் பலர் கோல்ஃப் மட்டையைத் தொடாமலே போகலாம். பரவாயில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பந்து மட்டையில் உரசியது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பரீட்சைத் தாளில் டீச்சர் தவறாக ஒரு மார்க் கூட்டிப் போட்டது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? யோசித்து வையுங்கள். அந்த நேரம் எல்லோருக்கும் ஒரு நாள் வரும்.